எங்கள் கிணற்றுக்கு எத்தனை எச்.பி.?

"எந்தத் தெரு?"

கிணற்றுக்கு மோட்டார் வாங்கப் போன என்னிடம் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி இது. கடைசிக் கேள்வியும் இதுதான். நான் தெருவின் பெயரைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் கட்டியிருந்த சாயம்போன நூல்புடவையைப் பார்த்தார், பிறகு உள்பக்கம் திரும்பி, "அந்தக் கால் எச்.பி.ய எடுத்து வையிப்பா" என்று வேலையாளிடம் சொன்னார். முடிந்தது.

நாற்பது வருஷம் ஓடிவிட்டது. எழுத உட்காரும்போது கோபம் தணிந்திருக்கும் என்று நினைத்தேன். தணியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

அது எண்பதுகளின் தொடக்கம். ஆரணியில் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா வெம்பாக்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து என்னைப் படிக்கவைத்தாள். வேலை கிடைத்ததும் அவளை ஆரணிக்கு அழைத்துவந்துவிட்டேன். வாடகைக்கு வீடு தேடிப் பட்ட பாடு வேறு கதை. அதை ஆரம்பித்தால் மோட்டாருக்கு வந்து சேரமாட்டேன். கடைசியில் ரைஸ் மில்களைத் தாண்டி, காலனியை ஒட்டி ஒரு மனை கிடைத்தது. கடன் போட்டு வாங்கினோம்.

"மொதல்ல கெணறு. அப்பறம் வூடு" என்றாள் அம்மா.

எங்கள் ஊரில் எங்களுக்கென்று கிணறு கிடையாது. நிலக்காரர் கிணற்றடியில் குடத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். இறைக்க வருகிறவர்களில் யாருக்காவது மனசு வந்தால் ஊற்றுவார்கள். அம்மா அதைப்பற்றி அதிகம் பேசமாட்டாள். "நின்னுகினே இருப்போம்" என்பாள். 

ஆறடி அகலத்தில் கிணறு தோண்டினோம். நாற்பத்திரண்டாவது அடியில் நல்ல ஊற்று வந்தது. செங்கல் கட்டி, மேலே சிமெண்ட் மேடை போட்டு, ராட்டினம் மாட்டினோம். சுவர் எழும்புவதற்கு முன்பே அம்மா அந்தக் கிணற்றடியில் குடித்தனம் தொடங்கிவிட்டாள். தேவை இருக்கிறதோ இல்லையோ, இறைத்துக்கொண்டே இருப்பாள். காலனிப் பெண்கள் வந்தால் அவர்கள் குடத்தையும் பிடுங்கி இவளே நிரப்பிக் கொடுப்பாள்.

எனக்கு வேறொரு பழக்கம். காய்ச்சல் எத்தனை, நாடி எத்தனை என்று குறித்துவைத்தே பழகிய கை. ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டி, ஞாயிற்றுக்கிழமைதோறும் கிணற்றில் விட்டுப் பார்ப்பேன். தண்ணீர் எத்தனையாவது முடிச்சில் நனைக்கிறது என்று சுவர்க் காலண்டரில் எழுதிவைப்பேன். கார்த்திகையில் இருபதாவது அடியில் தண்ணீர். சித்திரை, வைகாசியில் முப்பத்தெட்டு. ஒருமுறை தூர் எடுக்கக் கிணற்றை முழுக்க இறைத்தபோது, இடுப்பளவு தண்ணீர் ஊற எத்தனை மணி நேரம் ஆயிற்று என்றும் எழுதிவைத்தேன். அம்மாவுக்கு இது வேடிக்கை. "கெணத்துக்கு ஜொரமாடி? டெய்லி பாக்கற?" என்று சிரிப்பாள்.

வீடு கட்டி இரண்டாம் வருஷம், கிணற்று மேடையில் பாசி வழுக்கி அம்மா விழுந்தாள். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு அழைத்துவந்தேன். மறுநாள் டியூட்டி முடிந்து வந்து பார்த்தால், இடது கையால் கயிற்றை இழுத்து, பல்லால் கவ்விப் பிடித்து, மறுபடி இழுத்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மோட்டார் வாங்குவது, மாடியில் சிமெண்ட் தொட்டி கட்டுவது, குழாயைத் திறந்தால் தண்ணீர்.

மோட்டார் கடை, பட்டுக்கடைகள் இருக்கும் சாலையில் இருந்தது. நான் போனபோது எனக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருப்பவர். விரல் நகமெல்லாம் அரக்குச் சிவப்பு. அவருக்கு ஸ்டூல் போட்டிருந்தார்கள். டீ வந்தது. கடைக்காரர் அவரிடம் எவ்வளவு பொறுமையாகப் பேசினார் என்பதை நான் வாசற்படியில் நின்று கேட்டேன்.

"கெணறு எத்தினி அடிங்க?"

"ஐம்பது இருக்கும்."

"கோடையில தண்ணி எங்க நிக்குது? அதான் முக்கியம். மழக்காலத்து அளவ வெச்சு மோட்டாரு வாங்கினா, சித்திரையில அழுவணும்."

அவர் சொன்னார். கடைக்காரர் எழுதிக்கொண்டார்.

"தொட்டி தரையிலயா, மேலயா? எவ்ளோ ஒசரம்? பைப்பு எத்தினி எடத்துல வளையுது? ஊத்து எப்பிடி, ரெண்டு மணி நேரம் எறைச்சா தாங்குமா? ஊத்த மீறி மோட்டாரு போட்டா கெணறும் போச்சு, மோட்டாரும் போச்சுங்க."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். விஷயம் தெரிந்த மனிதரிடம் வந்திருக்கிறோம் என்று நினைத்தேன். அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது. பையிலிருந்து ஒரு பழைய காகித உறையை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். ஆழம் நாற்பத்திரண்டு. கோடையில் முப்பத்தெட்டு. மழையில் இருபது. தொட்டி தரையிலிருந்து பதினாலு அடி. வளைவு மூன்று. ஊற்றின் கணக்கு. என் முறை வரும்போது அவருக்குச் சிரமம் இருக்கக்கூடாது என்று வரிசையாக, அழகாக எழுதினேன்.

பட்டறைக்காரர் போனார். காலி டீ டம்ளரை எடுத்தார்கள். ஸ்டூலையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

"சொல்லும்மா."

"வீட்டுக் கெணத்துக்கு மோட்டார் வேணுங்க."

"எந்தத் தெரு?"

மேலே சொன்னதுதான். நான் உறையை நீட்டினேன். "எல்லாம் எழுதி வெச்சிருக்கேங்க. பாத்துட்டு..."

அவர் கை நீட்டவில்லை. "அதெல்லாம் வாணாம்மா. உங்க தெருவுக்கு இது போதும். ஒண்ணு ரெண்டு கொடம் புடிக்கப் போற, அதுக்கு எதுக்குப் பெருசு? ஜல்தியா சொல்லு, எனக்கு வேல கெடக்குது."

உங்கள் தெருவுக்கு. என் கிணறு நாற்பத்திரண்டு அடியாக இருந்தால் என்ன, நூறு அடியாக இருந்தால் என்ன, அந்தத் தெருவுக்குக் கால்.

நான் என்ன செய்தேன்? வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் தப்பாக மருந்து எழுதினால்கூட "சார், இது சரியா பாருங்க" என்று சொல்கிறவள் நான். அந்தக் கடை வாசலில் எனக்கு நாக்கு எழவில்லை. உறையை மடித்துப் பையில் வைத்தேன். கால் எச்.பி. மோட்டாரை வாங்கி, குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவர்மேல் இருக்கும் கோபத்தில் பாதி என்மேல்தான்.

பொருத்துவதற்கு அந்தக் கடையிலிருந்தே ஒரு ஃபிட்டர் வந்தான். கிணற்று மேடையிலேயே மோட்டாரை வைத்து, அடிமுனையில் வால்வு மாட்டிய பைப்பை உள்ளே இறக்கினான். பைப்பைச் சுவரோடு சேர்த்துக் கட்டக் கிணற்றில் இறங்கினான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எங்கள் தண்ணீரில் கழுத்தளவு மூழ்கி வேலை செய்தான். மேலே ஏறி வந்தவனுக்கு அம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"வாணாங்க, இப்பதான் டீ சாப்ட்டேன்" என்றான். தெருமுனைக்குப் போய் சோடா வாங்கிக் குடித்துவிட்டு வந்தான். நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். சொம்பை உள்ளே எடுத்துப் போய்விட்டாள்.

அது தை மாதம். தண்ணீர் இருபத்திரண்டாவது அடியில் இருந்தது. மோட்டாரைப் போட்டால் ஏதோ வந்தது. மாடித் தொட்டிக்கு ஏறவில்லை; கீழே வாளியில் விரல் கனத்துக்கு விழுந்தது. மாசிக் கடைசியில் அதுவும் நின்றது. காலையில் ஒவ்வொரு நாளும் புனல் வைத்துப் பைப்பில் தண்ணீர் ஊற்றி நிரப்பி, ஸ்விட்சைப் போட்டு, அது உறுமுவதைக் கேட்டு, மறுபடி ஊற்றி... குடத்தில் இறைத்த தண்ணீரை மோட்டாருக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம். அம்மா கட்டுப் பிரித்த கையோடு மறுபடி ராட்டினத்துக்குப் போய்விட்டாள்.

ஃபிட்டரைக் கூப்பிட்டனுப்பினேன். எட்டிப் பார்த்தான். "தண்ணி எறங்கிடுச்சுங்க. இந்த மோட்டாரு இஸ்காது. பெருசா போடுங்க" என்றான்.

"எவ்ளோ பெருசு?"

"கடையில கேளுங்க."

காலை டியூட்டி முடிந்து நேராகக் கடைக்குப் போனேன். வெள்ளைப் புடவை, தொப்பி, கையில் கடிகாரம். வாசலில் கால் வைத்ததுமே அவர் எழுந்துவிட்டார்.

"வாங்க சிஸ்டர், வாங்க! யாருக்கு உடம்பு... அட, நீங்க அன்னிக்கு வந்தவங்கதானே? நீங்க கவர்மென்ட் ஆஸ்பத்திரி சிஸ்டருங்களா? மொதல்லயே சொல்லக்கூடாதா?"

ஸ்டூல் வந்தது. துண்டால் தட்டிப் போட்டார். டீக்குச் சொல்லி அனுப்பினார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"அய்யய்யோ, உங்களுக்குப் போயி கால் எச்.பி.ய குடுத்துட்டேனே. மூணு எச்.பி. போட்ருங்க சிஸ்டர். த்ரீ பேஸ் லைன் வேணும், நானே எழுதிக் குடுக்கறேன், தெரிஞ்ச ஆளு இருக்காரு. போட்டீங்கன்னா தெருவே திரும்பிப் பாக்கும்."

"கெணறு எத்தன அடின்னு நீங்க கேக்கலியே?"

"கேக்கறதுக்கு இன்னா இருக்குது? மூணு எச்.பி. எங்க தண்ணி இருந்தாலும் இஸ்துகினு வந்துடும்."

அதே கிணறு. அதே நாற்பத்திரண்டு அடி. தை மாதம் அதற்குக் கால் போதும் என்றார். பங்குனியில் மூன்று வேண்டும் என்கிறார். நடுவில் மாறியது என் புடவை. முதலில் என் தெருவை அளந்தார், இப்போது என் சம்பளத்தை அளக்கிறார். கிணற்றை அந்த மனிதர் ஒருமுறைகூட அளக்கவில்லை. டீயைத் தொடாமல் எழுந்தேன்.

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றேன். அந்த நேரத்திலும் அந்த மரியாதை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் பம்ப் ரூமைப் பார்த்துக்கொண்ட ஆள் என் வயசுதான். சிடுமூஞ்சி. யார் எதைக் கேட்டாலும் கால்வாசி பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். ஆனாலும் வேறு யாரிடம் கேட்பது? சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றேன்.

"தண்ணி எத்தினி அடில கெடக்குது?" என்றார், சோற்றிலிருந்து தலை நிமிராமல்.

"இப்ப முப்பது. சித்திரைக்கு முப்பத்தெட்டு ஆகும்."

"மோட்டாரு எங்க வெச்சிருக்கீங்க?"

"மேடை மேல."

தலை நிமிர்ந்தார். "அப்ப பத்து எச்.பி. போட்டாலும் ஏறாது."

"மூணு போட்டா எங்கிருந்தாலும் ஏறும்னு கடையில சொல்றாங்க."

"எந்தப் புத்திகெட்டவன் சொன்னான்? மோட்டாரு தண்ணிய இழுக்கறதில்லைங்க. பைப்புல காத்த எடுத்துடுது, வெளிய இருக்கற காத்துதான் தண்ணிய மேல தள்ளுது. அதுக்கு ஒரு அளவு இருக்குது. இருபது, இருபத்திரண்டு அடி. அதுக்கு மேல தள்ளாது. தள்ளி வுடறதுக்குத்தான் எச்.பி. கணக்கு. மோட்டார கெணத்துக்குள்ள எறக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். நான் காலண்டர் தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தேன். மேடையில் உட்கார்ந்து ஒவ்வொரு மாதமாகப் புரட்டினார்.

"இத எவன்கிட்டயாவது காட்டினீங்களா?"

"கடையில நீட்டினேன். வாங்கல."

"வாங்கியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்." தாள்களை மடித்துக் கொடுத்தார். "மழையில தண்ணி இருபது வரைக்கும் வருது. பதினெட்டு அடில ரெண்டு இரும்பு கர்டர் போட்டு மோட்டார உக்கார வைக்கலாம். அங்கேர்ந்து முப்பத்தெட்டு, இருபது அடி. தாங்கும். பெரிய மழ வந்து தண்ணி மேல ஏறினா சங்கிலி போட்டுத் தூக்கிக்கணும், அவ்ளோதான். கெணத்துலேர்ந்து தொட்டி வரைக்கும் மொத்த ஒசரம் ஐம்பத்திரண்டு. வளைவுக்கெல்லாம் சேத்து அறுபதுன்னு வெச்சிக்கங்க."

"அப்ப எத்தன எச்.பி.?"

"அரை எட்டும். ஆனா சித்திரையில ரைஸ் மில்லு எல்லாம் ஓடறப்ப இங்க லைட்டே மங்குது பாருங்க, அப்ப அரை முக்கும். ஒண்ணு போடுங்க. மூணு போட்டீங்கன்னா கால் மணி நேரத்துல கெணறு காலி. அப்பறம் வெறும் காத்த இழுத்துகினு சூடாயி, மோட்டாரு புகைஞ்சி போவும். உங்க ஊத்துக்கு ஒண்ணுதான்."

வேலூரில் தெரிந்த கடை இருக்கிறது, வாங்கி வந்து தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

"ஆரணியிலேயே வாங்கறேன். அதே கடையில."

"எதுக்குங்க பேஜாரு?"

"இருக்கட்டும்."

அடுத்த வாரம் எனக்கு விடுமுறை. முதல் முறை கட்டிக்கொண்டு போன அதே நூல்புடவையைத் தேடி எடுத்துக் கட்டினேன். அதே உறையை எடுத்துக்கொண்டேன். கால் எச்.பி. மோட்டாரைச் சாக்கில் சுற்றி வண்டியில் ஏற்றினேன். கடையில் தேவிகாபுரம் பக்கத்து விவசாயிகள் இரண்டு பேர் வயல் கிணற்றுக்கு மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க சிஸ்டர்! மூணு எச்.பி. எடுத்துடலாங்களா?"

நானே உள்ளே போய் ஸ்டூலை எடுத்துவந்து அவர் மேஜைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன். உறையை மேஜைமேல் வைத்தேன்.

"இத படிங்க."

"இன்னா சிஸ்டர் இது? அதான் நான் சொன்னேனே..."

"படிங்க. சத்தமா படிங்க."

சிரித்தார். விவசாயிகளைப் பார்த்தார். அவர்கள் சிரிக்கவில்லை. நான் எழுந்திருக்கவில்லை.

"சாயப்பட்டறைக்காரர் வந்தப்போ கெணறு எத்தன அடின்னு கேட்டீங்க. கோடையில தண்ணி எங்க நிக்குதுன்னு கேட்டீங்க. தொட்டி எவ்ளோ ஒசரம், ஊத்து எப்பிடி, எல்லாம் கேட்டீங்க. நான் வாசல்ல நின்னு கேட்டுகினு இருந்தேன். என்கிட்ட தெருவ மட்டும் கேட்டீங்க. நான் ஊசி போடறதுக்கு முன்னாடி ஆளோட எடைய கேப்பேன், வயச கேப்பேன். எந்தத் தெருன்னு கேட்டு மருந்து அளந்ததில்ல. அளந்திருந்தா இந்த ஊர்ல பாதி பேரு செத்துருப்பாங்க."

உறையை அவர் பக்கம் தள்ளினேன்.

"கோவப்படாதீங்க சிஸ்டர். நீங்க யாருன்னு அன்னிக்குத் தெரியாம..."

"நான் யாருன்னு எதுக்குத் தெரியணும்? மோட்டாரு எனக்கா? கெணத்துக்குத்தானே? கெணத்தப் பத்திக் கேளுங்க."

விவசாயிகளில் பெரியவர் தொண்டையைக் கனைத்தார். "படிச்சிப் பாருங்களேன். அந்தம்மா எழுதித்தானே குடுக்குது?"

கடைக்காரர் உறையை எடுத்தார். சத்தமாகப் படிக்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. இழுப்பறையைத் திறந்து, மோட்டார் கம்பெனி அச்சிட்ட ஓர் அட்டவணைத் தாளை எடுத்தார். உயரத்துக்கு நேரே விரலை வைத்தார், குறுக்கே நகர்த்தினார், ஒரு பென்சிலால் இரண்டு எண்களைக் கூட்டினார்.

"கர்டர் போட்டு உள்ள எறக்கணுங்க. ஒண்ணு போதும்" என்றார்.

மொத்தம் இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். எனக்கு அப்போதுதான் நிஜமாகக் கோபம் வந்தது. அதுவரை, தெரியாமல் செய்திருப்பாரோ, அவசரத்தில் செய்திருப்பாரோ என்று ஓர் ஓரத்தில் சந்தேகம் இருந்தது. தெரிந்திருக்கிறது. தாள் இழுப்பறையில் இருந்திருக்கிறது. இரண்டே நிமிஷ வேலை. அந்த இரண்டு நிமிஷம் எங்களுக்காகச் செலவழிக்கத் தோன்றவில்லை. முறிந்து கூடிய கையோடு என் அம்மா மாசியிலிருந்து இறைத்துக்கொண்டிருந்தாள்.

"இத அன்னிக்கே காட்டியிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தார்.

"அன்னிக்கே கையில வெச்சிகினு நின்னேன்."

மன்னிப்புக் கேட்டாரா என்று பிற்பாடு பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். கேட்கவில்லை. பழைய மோட்டாரைத் திருப்பி எடுத்துக்கொண்டார், அதுவும் நான் அந்த ஸ்டூலைவிட்டு எழுந்திருக்காததால்தான். ஒரு எச்.பி. மோட்டாரை வண்டியில் ஏற்றும்போது, "ஃபிட்டர அனுப்பட்டுங்களா?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகும் ஊரில் எத்தனையோ முறை அவரைப் பார்த்திருக்கிறேன். "மோட்டாரு நல்லா ஓடுதுங்களா சிஸ்டர்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ நல்ல காரியம் செய்ததுபோல. "ஓடுது" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவேன்.

பம்ப் ரூம் ஆளும் இரண்டு கொத்தனார்களும் சேர்ந்து ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கர்டர் பதித்து மோட்டாரை இறக்கிவிட்டார்கள். வீட்டுச் சுவரில் ஸ்விட்ச். முதல் முறை போட்டபோது நான் மாடியில் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். பைப்பிலிருந்து முதலில் காற்று வந்தது, பிறகு துருநிறத்தில் கொஞ்சம் துப்பியது, பிறகு கை மொத்தத்துக்குக் கொட்ட ஆரம்பித்தது. கீழே எட்டி, "வந்துடுச்சும்மா!" என்று கத்தினேன். அம்மா குழாயைத் திறந்து, அடியில் கையை நீட்டியபடி நின்றிருந்தாள். காலனிப் பெண்கள் ஐந்தாறு பேர் குடங்களோடு வந்துவிட்டார்கள்.

இங்கேயே நிறுத்திவிட்டால் நன்றாக இருக்கும். ஆனால் அடுத்து நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் டியூட்டி முடிந்து தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்டது. மோட்டார் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் சத்தம் இல்லை, வெறும் கடகடப்பு. ஓடிவந்து ஸ்விட்சை அணைத்தேன். கிணற்றுக்குள்ளிருந்து சூடான எண்ணெய் வாசனை வந்தது. முற்றத்தில் வரிசையாகக் குடங்கள். காலனிக்கெல்லாம் அம்மா தண்ணீர் விட்டிருக்கிறாள். ஒரு தடவைக்கு இவ்வளவுதான் ஓட்டலாம் என்று நான் எழுதி ஒட்டியிருந்த "இருபது நிமிஷம்" என்ற தாள் ஸ்விட்சுக்கு மேலேயே இருந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கடிகாரமும் பார்க்கத் தெரியாது. அது எனக்குத் தெரியாதா?

தெரிந்தும் கத்தினேன். "கொஞ்சமாவது புத்தி இருக்குதாம்மா? எரிஞ்சி போயிருந்தா? உனக்கு ஒண்ணும் தெரியலன்னா எதுக்கு அத போடற?"

அத்தனை பெண்கள் முன்னால். அவர்கள் குடங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று சாயங்காலம் அம்மா பரணிலிருந்து பழைய கயிற்றை எடுத்து ராட்டினத்தில் மாட்டி இறைத்தாள். மறுநாளும் அப்படியே. குழாய்ப் பக்கம் போகவில்லை. என்னோடும் பேச்சில்லை. நான் செய்த சமையலைச் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள், படுத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் நானே மோட்டாரைப் போட்டேன். கிணற்று மேடையில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் போயிற்று. பதினைந்து ஆயிற்று.

"இப்ப நிறுத்திடு" என்றாள் அம்மா. இரண்டு நாளில் முதல் வார்த்தை.

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குதும்மா."

"இருக்காது. சத்தம் மாறுது பாரு. தண்ணி கீழ போச்சுன்னா அது குரலு கம்மிடுது. அன்னிக்கும் கம்மிச்சி. இதுங்கள்ளாம் கொடத்த வெச்சிகினு நிக்குதுங்களே, எப்பிடி நிறுத்தறதுன்னு வுட்டுட்டேன்."

நான் காது கொடுத்துக் கேட்டேன். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எழுந்து போய் நிறுத்தினேன். முடிச்சுக் கயிற்றை எடுத்துக் கிணற்றில் விட்டுப் பார்த்தேன். அடிவால்வுக்கு மேலே ஒரு சாண்கூடத் தண்ணீர் இல்லை. என் இருபது நிமிஷக் கணக்கு வாரத்துக்கு வாரம் மாறும் என்பதை நானும் யோசிக்கவில்லை, பம்ப் ரூம் ஆளும் சொல்லவில்லை.

ஸ்விட்சுக்கு மேலே ஒட்டியிருந்த தாளைக் கிழித்துப் போட்டேன். "எம்மேல கோவமாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றாள்.

அந்தக் கோபம் போக இன்னும் நாலைந்து நாள் ஆனது. மோட்டார் மட்டும் அந்தக் கோடை முழுக்க ஒரு நாள்கூடத் தண்ணீரில்லாமல் ஓடவில்லை. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, அம்மாதான் போட்டாள், அம்மாதான் நிறுத்தினாள். நான் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது எத்தனை நிமிஷம் என்று சொல்வதை விட்டுவிட்டேன்.